ஸ்டெல்லாவுக்கு ஆகாத நீலம்

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரின் அறையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நோயாளி நான் இல்லை. ஸ்டெல்லா.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் ஆறு வருஷமாகச் சமைத்தவள். மானாம்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரைக்குள் போன முதல் ஆள் தங்கள் குடும்பத்தில் தான்தான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பொங்கல் முடிந்து அவள் கழுத்தில் சிவப்பாய் ஒரு தடிப்பு. பிறகு அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டாள். நாலு நாள் அடங்கும்... மறுபடி கிளம்பும்.

அப்போது என் மகள் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அது படையோ என்னவோ, குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

நான் என்ன செய்தேன்? உடம்பு சரியான பிறகு வா என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவள் காபி குடித்த டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன் — இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை. அவ்வளவு கூட்டத்தில் அவள் பக்கத்தில் மட்டும் இடம் காலி. வேலை கேட்டுப் போன இரண்டு வீடுகளில் வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். சர்ச்சிலும் பெண்கள் நகர்ந்து உட்காருகிறார்களாம்.

"இப்ப நானே தள்ளி குந்திக்கிறேன்க்கா" என்றாள்.

மறுநாளே அவளைக் காஞ்சிபுரம் கூட்டிப்போனேன்.

டாக்டர் தடிப்பைவிட, அது வந்திருந்த இடங்களைத்தான் அதிகம் கவனித்தார். எல்லாம் துணி உரசி வியர்க்கிற இடங்கள். எது ஆகவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாக ஒவ்வொரு பொருளாக வைத்துப் பிளாஸ்டர் மாதிரி ஒட்டி, இரண்டு நாள் நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். திரும்பப் போய்ப் பிரித்தபோது ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. நீலச் சாயம். பாலியஸ்டர் துணிக்குப் போடுவது.

"இது யாருக்கும் ஒட்டாதும்மா. உங்க உடம்புக்கு இந்தச் சாயம் ஆகலை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். கருநீலத்தில் துணி ஏதாவது உடுத்துகிறீர்களா என்று கேட்டார். இரண்டு சுடிதார் இருப்பதாகவும், அதையேதான் மாற்றி மாற்றிப் போடுவதாகவும் ஸ்டெல்லா சொன்னாள். எங்கே வாங்கியது என்று கேட்டபோது மட்டும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான்தான் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்தவை.

"அக்கா ஆசையாத்தான் குடுத்தாங்க சார்" என்றாள் அவசரமாக. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்! தன்னை வீட்டை விட்டு அனுப்பியவளை...

அந்தத் துணிகளை விட்டுவிட்டுப் பருத்திக்கு மாறினாள். டாக்டர் கொடுத்த மருந்தும் போட்டாள். மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது. கழுத்தில் மட்டும் கருப்பாக ஒரு தழும்பு. நான் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னேன்.

போன திங்கட்கிழமை வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு சீட்டை நீட்டினாள். தனியாக பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறாள் — இது தொற்றுநோய் இல்லை என்று. எனக்குத்தான் தெரியுமே ஸ்டெல்லா என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்க்கா. சத்தமா படிங்க. உள்ள உங்க பொண்ணு கீது, கேக்கட்டும். எதிர் வூட்லயும் கேக்கட்டும்."

தெருவில் நின்று படித்தேன். மூன்றே வரி. இரண்டாவது வரியோடு நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். கதவருகே என் மகள் குழந்தையோடு வந்து நின்றாள்.

மூன்றாவது வரியையும் நான் படித்து முடித்த பிறகுதான் ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள்.