விக்கல் சீன்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவளை வாய் பேச முடியாதவள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம்கூட எதிர்வீட்டுக்கு வந்த பெண் என்னிடம், "பாவம், பொறந்ததுலேர்ந்தே இப்படியா?" என்று கேட்டாள்.  அவள் பாவம் என்று சொன்னவளுக்கு இந்தத் தெரு ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் சைரன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஆள் உயர மெஷின்கள் நான்கு. காலை ஆறு மணிக்கு உருள ஆரம்பித்தால் மதியம் இரண்டு வரை நிற்காது. பக்கத்தில் நிற்பவளிடம் "சோடா போட்டாச்சா?" என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். இருபது வருடம் அப்படிக் கத்தியதில் ஒரு காது மந்தமாகிவிட்டது, குரல் மட்டும் வளர்ந்துவிட்டது. ரத்தக்கறைப் போர்வையை வெந்நீரில் போடாதே, பச்சைத் தண்ணீரில் ஊறவை என்று புதிதாக வருகிறவளுக்குச் சொல்வதைக்கூட, சொத்துத் தகராறு மாதிரிதான் சொல்வாள். புருஷன் போன பிறகு ஒற்றை மகளை வளர்த்ததும், வாடகைக்கு வந்து நிற்கும் வீட்டுக்காரனைச் சமாளித்ததும் அந்தக் குரலை வைத்துத்தான்.

எனக்குக் குடிநீர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மனுவும் எழுதிக் கொடுப்பேன். என் மனுக்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். அவை போய்ச் சேரும் இடம் இன்ஜினியரின் டீ கிளாசுக்கு அடியில். ஆனால் அவள் கையில் கொடுத்தால் கதை வேறு. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே குழாய். அது நின்றுபோனால் நான் எழுதுவேன், அவள் எடுத்துப் போவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதில் நான் எழுதியே இராத வசவுகளையெல்லாம் வரிசையாக வாசிப்பாள். மூன்றாவது நிமிடம் ஆபீசில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மறுநாள் தண்ணீர் வரும்.

ஒரே ஒரு தடவை அந்தக் குரலும் பலிக்கவில்லை. பல வருடத்துக்கு முன்னால், பதினாறு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், யாரும் அசையவில்லை. பதினேழாம் நாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குள் ஓடினாள். "ஐயா, தண்ணி தண்ணின்னு கேட்டே எம்புள்ள கண்ணை மூடிட்டாளே!" என்று ஒரு கத்து. இன்ஜினியர் நாற்காலியிலிருந்து விழாத குறை. அன்று மதியமே லாரி வந்தது. எட்டு வயது மகள் அதே ஆபீஸ் கதவுக்குப் பின்னால் கையில் ஒரு பன்னோடு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்லிச் சொல்லிச் சிரிக்க இந்தத் தெருவுக்கு இருந்த ஒரே கதை அது.

சினிமாக்காரர்கள் என் கடைக்குத்தான் முதலில் வந்தார்கள். டைரக்டர் ஒல்லியான ஆள், மரியாதையான ஆள். ஏழைகளின் தண்ணீர்ப் பிரச்சினையை நகைச்சுவையாக எடுக்கப் போகிறேன், அழவைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், சிரிக்கவைத்தால் உள்ளே இறங்கும் என்றார். எனக்கும் சரியென்று பட்டது. நானே அவளிடம் அழைத்துப் போனேன். கதாநாயகியின் அம்மாவாக நடிக்க வந்த நடிகை ஒன்பது நாள் அவளுடைய பத்தடி அறையில் வந்து உட்கார்ந்தாள். இவள் இடுப்பில் கை வைப்பதை, எச்சிலை விழுங்கிவிட்டு வசவை ஆரம்பிப்பதை, ஒரு பக்கக் காதைத் திருப்பிக் கேட்பதை எல்லாம் கற்றுக்கொண்டாள். கர்வம் பிடித்தவள் என்று சொல்ல முடியாது. கூடவே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

அந்தப் பதினேழாம் நாள் கதையைச் சொல்ல மட்டும் சைரனுக்கு இஷ்டமில்லை. "வேணாம்ணே, புள்ளையை வெச்சு அப்படிச் சொன்னது தப்பு. இன்னிக்கும் மனசு உறுத்துது" என்றாள்.

"அட சொல்லும்மா, அதுதானே நல்ல கதை" என்று வாயைப் பிடுங்கியது நான். கூட ஒத்து ஊதியது அவள் மகள். "அம்மா, சொல்லும்மா. பன் கதையைச் சொல்லு."

சொன்னாள். டைரக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

படம் வந்தது. தெருவே கூட்டமாகப் போனோம். திரையில் எங்கள் தெரு எங்கள் தெருவைவிட அழகாக இருந்தது. சாக்கடைகூடப் பளபளத்தது. நாற்றம் திரையைத் தாண்டி வராது என்பது சினிமாவுக்கு எவ்வளவு பெரிய வசதி! இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி. நடிகை தலையை விரித்துப் போட்டுக் கத்துகிறாள். அதிகாரி மயங்காத குறை. அந்த நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் பன் தின்கிற பெண்ணுக்கு விக்கல். செத்துப்போனதாகச் சொன்ன பிள்ளை விக்குகிறது என்பதைக்கூட மறந்து, தண்ணீர் கொண்டா என்று அதிகாரி அலறுகிறார். ஆபீஸ் முழுக்கத் தேடுகிறார்கள். பானை காலி, கூஜா காலி. தீயணைக்கத் தொங்கும் வாளியைக் கவிழ்த்தால் மணல் கொட்டுகிறது. குடிநீர் ஆபீசில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை! தியேட்டர் குலுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைவிட அதிகமாகச் சிரித்தவர் யாராவது உண்டா என்றால் அது அவள் மகள்தான். பிறகு அம்மாவும் சிரித்தாள்.

கடைசியில் அதிகாரி திருந்துகிறார், குழாய் பீறிட்டு அடிக்கிறது, தெருவே நனைந்து ஆடுகிறது. நாங்கள் வீடு திரும்பியபோது எங்கள் குழாயில் சொட்டு இல்லை. அதற்கும் சிரித்துக்கொண்டோம்.

சமூகத்தின் கண்ணைத் திறந்த படம் என்று பத்திரிகைகள் எழுதின. யாருடைய கண் என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். விக்கல் சீன் மட்டும் ஊரில் எல்லோருடைய போனிலும் ஓடியது.

மூன்று மாதம் கழித்துத் தண்ணீரில் நாற்றம் வர ஆரம்பித்தது. தெருத் திருப்பத்தில் சாக்கடையை ஒட்டிப் போகிற இரும்புக் குழாய் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. முதலில் லேசான வாடை, பிறகு மஞ்சள் நிறம். மகளுக்குக் கல்யாணமாகி, அப்போது வயிற்றில் ஏழு மாதம். பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குடிக்கிற தண்ணீரை அம்மா கொதிக்கவைத்துத்தான் கொடுத்தாள். பாத்திரம் கழுவ, வாய் கொப்பளிக்க எல்லாவற்றுக்குமா கொதிக்கவைக்க முடியும்?

நான் மனு எழுதினேன். கூடவே போனேன். அவள் இடுப்பில் கை வைத்து, எச்சிலை விழுங்கி, வாயைத் திறந்ததுதான் தாமதம், ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பித் திட்டுங்க" என்றார் கிளார்க். அவள் இன்னும் சத்தமாகத் திட்டினாள். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். இன்ஜினியர் டீ வரவழைத்தார், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். டீ கிளாசுக்கு அடியில் என் மனு இருந்தது.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "அந்த விக்கல் சீனை ஒரு தடவை செஞ்சு காட்டுங்கக்கா. சாயங்காலமே ஆள் அனுப்பிடறேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. "ரெண்டு நிமிஷம்தானேம்மா, காரியம் ஆகட்டும்" என்றேன். பாவி, நான்தான் சொன்னேன்.

தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். "ஐயா, தண்ணி தண்ணின்னு கேட்டே எம்புள்ள கண்ணை மூடிட்டாளே!" கை தட்டினார்கள். கிளார்க் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "விக்கல் எங்கக்கா?" என்று கேட்க, மறுபடி ஒரு சிரிப்பு. சாயங்காலம் ஆள் வரவில்லை. வீடியோதான் வந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, எட்டு வயசுல ஒரு தடவை சாகடிச்ச. சினிமாவுல ஒரு தடவை. இப்ப மறுபடியுமா? என்னை எத்தனை தடவைதான்ம்மா சாகடிப்ப?"

"வாயை மூடுடி" என்று அவள் அலறியது என் கடை வரை கேட்டது.

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். பிறகு கண் மஞ்சளானது. சலவைக்கூடத்துக்கு இரண்டு மாடி மேலே, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். "மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு இந்தக் காமாலை ஆகவே ஆகாதும்மா. தண்ணியிலேர்ந்து வந்திருக்கு" என்றார் டாக்டர். காலையில் கீழே போர்வை துவைப்பாள், மதியம் மேலே போய் மகளுக்குக் கால் பிடித்துவிடுவாள். ஐந்தாம் நாள் மகளுக்கு நினைவு தப்பியது. ஆறாம் நாள் பிள்ளையும் போயிற்று, தாயும் போனாள். அன்றைக்கு அந்த வார்டிலிருந்து இறங்கிய துணி மூட்டையை அவள் கண்ணில் படாமல் கூட வேலை செய்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவே அவள் வாசலில் நின்றது. அவள் வாயைத் திறந்தால் வீடு இடிந்துவிடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். சத்தமே வரவில்லை. மகளின் காலடியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "அழுதுடும்மா. உள்ளேயே வெச்சுக்காதே" என்றேன்.

"முடியலண்ணே" என்றாள். "வாயைத் திறந்தா அந்த நடிகை கத்துற மாதிரியே இருக்கு."

 எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மகள் போன ஒன்பதாம் நாள் காலை அவளாகவே கடைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் கண் மஞ்சளாகிவிட்டதாம். "இன்னொரு மனு எழுதுண்ணே. தண்ணி வேணாம்னு எழுது. அந்தக் குழாயை அடைச்சுட்டாப் போதும்னு எழுது." எழுதினேன். மகளின் இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து அதோடு சேர்த்துப் பின் பண்ணினேன். அந்தக் காகிதம் மெஷினிலிருந்து சூடாக வெளியே வந்தது. அதை அவள் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, நானே வைத்துக்கொண்டேன்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் கிளார்க்கின் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா, வாங்க! ஆளையே காணோமே!" நாலைந்து பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் போனைத் தேடினார்.

அவள் இடுப்பில் கை வைக்கவில்லை. மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். சாதாரணமாக, மளிகைக் கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னாள்.

"எம்பொண்ணு செத்துப்போச்சுப்பா."

 கிளார்க் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "அக்கா இன்னிக்கு வேற மாதிரி நடிக்கிறாங்கடா!" என்று சொல்லிக்கொண்டே, போன தடவை மாதிரியே கதவுப் பக்கம் போனார். எட்டிப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினார். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

நான் சான்றிதழை நீட்டிக்கொண்டு, "சார், இது நெஜம் சார்" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

அவள் மெதுவாக நடந்து கிளார்க்கின் பக்கத்தில் போய் நின்றாள். சுவரோடு சாய்ந்திருந்த அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்து முழுக்க இழுத்தாள். பின்னால் ஒரு துடைப்பமும் கால் உடைந்த ஸ்டூலும் இருந்தன. பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் உட்கார்ந்திருந்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கப்பா" என்றாள். "யாரும் இல்ல."