ஒன்பதாம் ஆணி

"கைய நீட்டுங்க சார்" என்கிறார் பக்தவச்சலம். நீட்டிய கையில் எண் குத்திய தகர வில்லை ஒன்று விழுகிறது. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த டோக்கன். அதை வாங்காமல் அவருடைய மலையில் யாரும் ஏற முடியாது. இறங்கியதும் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். சுரங்கத்தில் முப்பது வருஷம் இப்படித்தான் இறங்கி ஏறினார். இப்போது ஏறி இறங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை என்பது அவர் சொல்வது. தங்கத்தைப் பிரித்தபின் பல காலமாகக் கொட்டிச் சேர்ந்த சயனைடு மண்மேடு அது. "பத்தாயிரம் அடி கீழ போய் வந்தவன் சார், நூறடி மேல இட்டுனு போவத் தெரியாதா?"

நந்தி மலைக்குப் போகும் சுற்றுலா பஸ்களில் சில இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்பது அவர் திட்டம். சுரங்கத்தை மூடப்போவதாகப் பேச்சு. பஸ் வந்தால் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் வேலையில்லாமல் சும்மா நிற்கும் ஆட்களுக்கு வழிகாட்டி வேலையாவது கிடைக்கும். இயற்கைக்காக உச்சியில் பதினொரு கத்தாழை நட்டிருக்கிறார். அதற்குப் பெயர் காடு. வனவிலங்கு ஒரு கீரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வருவதில்லை.

"காத்தடிச்சா சோத்துல மண்ணு. இத்தப் பாக்க பெங்களூர்லேர்ந்து வேற வரணுமா?" என்கிறார் மனைவி வேலம்மாள், குழம்புச் சட்டியை ஈரத்துணியால் மூடியபடி.

போன மாதம் சுற்றுலா அதிகாரி ஒருவர் வந்தார். ஒன்பதாம் எண்ணை வாங்கிக்கொண்டு ஏறினார். அருவி உண்டா என்று கேட்டார். "மழ பேஞ்சா மண்ணு ஊத்தும் சார்" என்றார் இவர், மறைக்காமல். பஸ் விடலாமா என்ற கேள்விக்கு அதிகாரி "நோடோணா", பார்க்கலாம், என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஜீப் நின்ற மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார். டோக்கனும் அவரோடு போயிற்று. பதில் இன்னும் வரவில்லை.

நான் போன அன்று மாலை ஐந்து மணிக்கு எல்லா வில்லைகளும் திரும்பிவிட்டன, ஒன்பதைத் தவிர. "இன்னொண்ணு வெட்டி மாட்டிடுங்களேன்" என்றேன் சிரித்துக்கொண்டே.

"ஆளு வரலியே சார்."

"அவர் பெங்களூரில் இருக்கிறார்."

"இன்னா சார் பண்றது. சுரங்கத்துல ஒருவாட்டி ஆணி காலியா இருக்கச் சொல்லோ, மாட்ட மறந்துட்டுப் போய்ட்டிருப்பான்னு வூட்டுக்குப் போய்ட்டோம். எங்ககூட எறங்குன மனோகரு கீழயே இருந்தான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். கத்தாழைகளுக்கு நடுவே நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஒம்போதூ..." என்று மறுபக்கம் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு கையைக் காதுக்குக் கொடுத்து நின்றார்.