அவர் கூப்பிட்ட அந்தப் பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் மயக்க மருந்து கொடுத்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், மதியத்துக்குள் கண் விழித்துவிடுவேன் என்றார்கள். நான் விழிக்கவில்லை.

நான் வேறெங்கோ இருந்தேன். பத்துமலை முருகன் கோயில் படிகள் போலிருந்தது, ஆனால் கூட்டமே இல்லை. கால் வலிக்காமல் இறங்கிக்கொண்டே இருந்தேன். படிகள் முடியவில்லை, முடிய வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு சுகம். பின்னால் ஒரு பெண்குரல் யாரோ ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பாவம், அந்தப் பெயருக்குரிய பெண்ணுக்குக் காது கேட்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஓர் ஆண்குரல் அதே பெயரைச் சொன்னது. தயங்கித் தயங்கி, ஆனால் அத்தனை பிரியமாக. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இப்படிக் கூப்பிட ஓர் ஆள் இருந்தும் திரும்பிப் பார்க்காமல் போகிறாளே, கொழுப்புதான் என்று திட்டிக்கொண்டே இறங்கினேன்.

"இந்தா..."

சட்டென்று நின்றுவிட்டேன்.

"இந்தா, எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

கண்ணைத் திறந்தால் என் கணவர். லோரி ஓட்டும் முரட்டு மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நடந்ததைத் தாதி பிறகு சொன்னார். அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி வெகுநேரம் தட்டி எழுப்பியும் நான் அசையவில்லையாம். டாக்டருக்கே பயம் வந்து, கணவரை உள்ளே வரவழைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாராம். அவரும் கூப்பிட்டிருக்கிறார்.

அந்தப் பெயரைச் சொல்லி என்னை இதுவரை யார் கூப்பிட்டார்கள்? பிறந்த வீட்டில் நான் பாப்பா, புகுந்த வீட்டில் அண்ணி, பிள்ளைகளுக்கு அம்மா. இவருக்கு இருபத்தேழு வருடமாக 'இந்தா'. எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பழகினோமோ அதைத்தான் மூளை நம் பெயர் என்று வைத்துக்கொள்ளுமாம்.

"தூக்கத்துலயும் அதுக்குத்தான் காது குடுக்கும், ஆன்டி" என்றார் தாதி.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று நான் அவரோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வந்ததும், என் பெயரை இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சும்மா இரு லா" என்று வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நான் பொறாமைப்பட்ட அந்தப் பெண் நான்தான் என்பது, இன்றைக்கும் நினைக்க நினைக்கச் சுகமாக இருக்கிறது.