கோட்டு காலரில் மஞ்சள்

எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வுக்காகக் காரைக்குடியில் அளவு கொடுத்துத் தைத்த வெளிர்சாம்பல் கோட்டு அது. கிளம்பும் நாள் காலையில் அதை நாற்காலியில் தொங்கவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், வீட்டுக்கு வந்திருந்த அத்தை காலரில் ஈர மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மஞ்ச வைக்காமப் புதுசு போட்டா வெளங்குமாடா?"

உள்பக்கம் வைத்தால் ஆகாதா என்று கத்தினேன். அதற்குள் அத்தையின் கணவர் துணி சோப்பை எடுத்துக் கறையைத் தேய்த்துவிட்டார். மஞ்சள் ரத்தச் சிவப்பானது.

"ஏன் மாமா அதைத் தேச்சீக?"

"விடு, குங்குமமும் வச்சாச்சுன்னு நெனச்சுக்க."

அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினேன். மதுரையில் தேர்வு அறைக்குள் கோட்டைக் கையில் மடித்து வைத்தபடி உட்கார்ந்தேன். ஏன் போடவில்லை என்று கேட்டார்கள். இருந்த எரிச்சலில் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. எல்லாம் தான் வைத்த மஞ்சளால்தான் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இப்போது வேறு கோட்டு தைத்திருக்கிறேன். தையல் கடையிலேயே உள்பைக்குள் நானே மஞ்சள் வைத்து, உறை போட்டு, பீரோவில் பூட்டிவிட்டேன். மறுபடி வந்திருக்கும் அத்தை ஊருக்குக் கிளம்பும்வரை சாவி என் இடுப்பை விட்டு இறங்காது.