மருந்துக் கிடங்கை எடுத்த நாள்

குடவாசல் பக்கத்துப் பகலவன் இங்கிலாந்தில் ஓர் அணுமின் நிலையத்தைக் கலைக்கும் வேலைக்கு மேலாளர். நிலையம் நின்று வெகுகாலமாயிற்று. பிரித்து, கழுவி, மண்ணை மண்ணாகத் திருப்பிக் கொடுக்க இன்னும் அறுபது வருஷமாகும். கட்டியவர்களுக்குக்கூட அவ்வளவு வேலை இருந்ததில்லை. இதை அவர் விளக்கும்போதெல்லாம், அப்போ உங்களுக்கு வேலை போகாது என்று ஊர் வாழ்த்தும்.

இந்த லீவில் உள்ளூர் வேலை ஒன்று காத்திருந்தது. வாய்க்கால் கரையில், யாரோ ஒரு வியாபாரி போட்டுவிட்டுப் போன பூச்சிமருந்துக் கிடங்கு. பீப்பாய்கள் கசியத் தொடங்கியிருந்தன. மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் வருவதற்குள் எடுக்காவிட்டால் மருந்து கடைமடைவரை போகும். வார்டு மெம்பரான அக்கா மலர்க்கொடி, கழிவு ஏற்றும் லாரிக்கு ஏற்பாடு செய்த கையோடு தம்பியையும் பிடித்துக்கொண்டார்.

பகலவன் கிடங்கைச் சுற்றிக் கயிறு கட்டினார். உள்ளே போனவர்கள் வெளியில் யாரையும் எதையும் தொடக் கூடாது, அதே உடுப்போடு கயிற்றைத் தாண்டக் கூடாது என்று நெடுநேரம் பேசினார். ஆட்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். அக்கா ஒரே வரியில் முடித்தார்.

"சாவு வீடுன்னு நெனச்சுக்கங்க."

அதன்பின் யாரும் யார் மேலும் படவில்லை. டீகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். மாசக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் இங்கிலாந்தில் அவர் பார்க்காத ஒழுங்கு. அவர் நெகிழ்ந்து நின்ற நேரத்தில், ஆட்களில் மூத்தவரான தங்கையன் கயிற்றைத் தாண்டி, போட்ட உடுப்போடு குளத்தைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே மற்றவர்கள். சாவு வீட்டுக்குப் போனால் கட்டிய துணியோடுதானே முழுக வேண்டும்?

பகலவன் போட்ட கூச்சல் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. அக்காதான் ஓடிப்போய்ப் படித்துறையை மறித்தார்.

"பொணம் உள்ளயே கெடக்கு. எடுக்கிறதுக்கு முன்னாடி எவன்யா முழுக்குப் போடுறது?"

நியாயம்தான். திரும்பிவந்தார்கள். பீப்பாய்கள் லாரி ஏறின. கசிந்த மண்ணும் கழற்றிய உடுப்புகளும் மூட்டையாகப் பின்னால் ஏறின. ஆட்கள் கயிற்றுக்குள்ளேயே தொட்டி வைத்துக் குளித்த தண்ணீரையும் பகலவன் விடவில்லை, பிடித்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அக்கா பூவும் நெல்லும் தூவினார். கிடங்கு இருந்த இடத்தைத் தாண்டி அது போகும்வரை பகலவன் கண்ணை எடுக்கவில்லை.

"கருமாதி என்னிக்குத் தம்பி?" என்றார் தங்கையன்.

"மண்ணு டெஸ்ட் ரிசல்ட் வந்ததும்ங்க."

"அந்த அணு நெலையத்துக்கு?"

"என் பேரப்புள்ளைங்க காலத்துல."

தங்கையன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதுவரைக்கும் தீட்டுக் காக்குறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

பகலவன் ஆமாம் என்றார். அவருடைய வேலையை ஊரில் ஒருவர் சரியாகச் சொன்னது அன்றுதான்.