கழுத்தளவுத் தண்ணீர்

மதியம் மூன்று மணி. மலைமேல் இருக்கும் இந்த ஏரிக்கரை ஊரின் ஒரே கடை முன்னால், பால் வாங்கக் காரை நிறுத்தி இறங்குகிறேன். மூன்று பக்கமும் பைன் மரச் சரிவு, நான்காவது பக்கம் ஏரி. வெளியேற ஒரே சாலை. மேற்கு முகட்டுக்குப் பின்னால் புகை எழுகிறது.

கடைக்காரர் ஈரோட்டுக்காரர். வெளியே வந்தவர் முதலில் என் காரைத்தான் பார்க்கிறார்.

“சார், வண்டிய ரோட்டப் பாத்துத் திருப்பி நிறுத்துங்க. அவசரத்துக்கு ரிவர்ஸ் எடுக்க டைம் இருக்காதுங்க.”

கவனிக்கிறேன். ஊரிலுள்ள எல்லா வண்டிகளும் சாலையைப் பார்த்தே நிற்கின்றன.

“இதுக்கு முன்னாடி காட்டுத் தீ ஊருக்குள்ள வந்திருக்கா?”

“ரெண்டு தடவை எரிஞ்சு, ரெண்டு தடவை கட்டின ஊருங்க இது. போன தடவை மரம் விழுந்து ரோடே பிளாக் ஆயிடுச்சு. எல்லாரும் ஏரில எறங்கி நின்னாங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாதே.”

“நீச்சல் எதுக்குங்க? கழுத்தளவு தண்ணில நின்னாப் போதும்.”

பின் இருக்கையில் என் ஆறு வயது மகள் தூங்குகிறாள். உயரம் மூன்றடி எட்டங்குலம். என் கழுத்தளவுத் தண்ணீரில் அவளை என் தலைக்கு மேல்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அங்கே புகை இருக்கும்.

பால் வாங்கவில்லை. விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கேபினில் இருக்கும் பெட்டிகளையும் எடுக்கவில்லை. மலையிறங்குகிறேன்.