கஜலட்சுமியின் இடது கை

என் மனைவி கஜலட்சுமி கண்டி மாநகர சபையில் கிளார்க். திங்கள் முதல் வெள்ளி வரை கவுன்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "இந்தப் படிவம் இல்ல, மற்றப் படிவம்" என்று சொல்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அவள் ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பாள். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் சொந்த அண்ணனே "எந்தக் கோயில் திருவிழாவுல?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் மூன்று மாதம் அவனை என் த்ரீவீலரில் ஏற்றவில்லை.

நான் வீரசிங்கம். குண்டசாலைச் சந்தியில் த்ரீவீலர் ஓட்டுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, என் வண்டியின் முகத்தைப் பார்த்து நீங்கள் தலை வாரிக்கொள்ளலாம். அழுக்கைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அந்த வண்டியின் பின்சீட்டில்தான் ஞாயிறுதோறும் பெரிய டிரம்மையும் சின்ன டிரம்மையும் ஏற்றி, அவற்றின் பக்கத்தில் இருக்கிற அரை ஆள் இடத்தில் முழு ஆளாகிய என் மனைவியையும் ஏற்றி, தென்னக்கும்புரப் பாலத்தைத் தாண்டிக் கண்டிக்குக் கொண்டுபோவேன்.

அவள் குச்சியால் அடிப்பதில்லை. பிரஷ்ஷால் வாசிக்கிறாள். அது ஒரு கைப்பிடி, அதன் முனையில் விசிறி மாதிரி விரியும் மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பேச்சியம்மா ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல சாமானா இருக்கே, தோசக்கல்லு சுரண்டவா?" என்று கேட்டாள். கஜலட்சுமிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

மொத்தம் மூன்று பேர் வாசிக்கிறார்கள். பியானோவுக்கு நஸீம் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஆளுயர பேஸ் வாத்தியத்துக்குத் துஷாந்த், வங்கியில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பொடியன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நஸீம் நானா ஏதோ அலுவலாக மாநகர சபைக்குப் போனபோது, கவுன்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கஜலட்சுமி கோடு போடுகிற இரண்டு அடிமட்டங்களால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாளாம். பள்ளிக்கூட பேண்டில் சைட் டிரம் அடித்த கை, சும்மா இருக்குமா? அவர் வந்த அலுவலை மறந்துவிட்டு, "தங்கச்சி, ஞாயித்துக்கிழமைல சும்மாவா ஈக்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம்.

வாசிக்கிற இடம் ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலின் தேநீர் மண்டபம். சுவரெல்லாம் கண்ணாடி. குச்சியால் அடித்தால் காது கிழியும், கோப்பைகள் ஆடும். அதனால் பிரஷ் மட்டும்தான் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே சட்டம். நான் உள்ளே போவதில்லை. அந்த மாதிரி இடங்களில் எந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. சாமான்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே இருப்பேன். பியானோ சத்தம் வெளியே வரும், பேஸின் 'தும் தும்' வரும். இவளுடைய சத்தம் மட்டும் ஒரு பொட்டும் வராது. "உள்ள போய் நல்லாத் தூங்குறியா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். அவள் டிரம்மை ஒதுக்கிவிட்டு ஏறி உட்காருவாள்.

இந்த வருஷம் ஹோட்டலுக்கு நிரோஷினி என்று புது மெனேஜர் வந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை, ஆனால் பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "உங்கட மியூசிக் அழகு. ஆனா பெரஹெர ஊர்வலம் போற வீதியெல்லாம் நடந்து களைச்சு வாற டூரிஸ்ட்டுகள், நீங்க வாசிக்கத் தொடங்கினவுடன கேக் தட்டுக்கு முன்னாலேயே நித்திரையாகுறாங்க. பாதிப் பாட்டாவது வேகமா வேணும். டிரம்ஸால அந்த வேகத்துக்கு ஏலாட்டி, தாளத்துக்கு நாங்க கம்ப்யூட்டர் வைக்கலாம். மூணு கிழமையில வந்து கேக்குறேன்."

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. நான் வழக்கம்போல் ஏதோ கேலி பேசப் போனேன். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "வாரத்துல அந்த ரெண்டு மணித்தியாலம்தாங்க நான் நானா இருக்கேன். அதையும் ஒரு மெசினுக்குக் குடுத்துட்டு வான்னா எப்படிங்க?" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இருபத்தி நாலு வருஷக் கல்யாணத்தில் நான் அவள் அழுது பார்த்தது மூன்று தரம்தான்.

சிக்கல் இடது கையில் இருந்தது. மெதுவான பாட்டுக்கு இடது கை சின்ன டிரம்மின் மேல் வட்டம் போடும், தோசைமா பரத்துவது மாதிரி. அதில்தான் அந்த 'உஸ்ஸ்' என்ற சத்தம் ஓயாமல் வரும். வலது கை அதன் மேல் தட்டிக்கொண்டு போகும். வேகம் ஏற ஏற அந்த வட்டத்தைச் சுற்றி முடிக்க நேரம் போதாது. கை பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த அடி வந்து நிற்கும். நஸீம் நானா தெரிவுசெய்த பாட்டு நிமிடத்துக்கு இருநூற்று அறுபது அடி. அவள் கை நூற்று எண்பதுக்கு மேல் போனதும் தடுமாறியது.

அவள் விடவில்லை. காலையில் தேங்காய் துருவ முன்னால் வாசித்தாள். கண்டி பஸ்ஸில் கைப்பையின் மேல் விரலால் வாசித்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பயந்து வேறு சீட்டுக்குப் போனாராம். இரண்டாவது வாரம் இருநூறைத் தொட்டாள். இருநூற்று இருபதில் தோள் காதுவரை ஏறியது, பல்லைக் கடித்தாள், பிரஷ் கம்பி டிரம்மின் தோலில் 'கரட் கரட்' என்று கீறியது. "இன்னும் பெருசாச் சுத்தணும், இன்னும் பலமா இழுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். வேறு என்ன செய்ய? எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

அவ்வளவோடு நான் நின்றிருக்கலாம்.

கடைசிச் சனிக்கிழமை நஸீம் நானா போன் எடுத்து, "தங்கச்சி, கைய ஆறவுடுங்க. இண்டக்கி தொடவே வாணாம்" என்றார். அவளும் ஹந்தானையில் சித்தி மகளின் சடங்குக்குப் போய்விட்டாள். நான் வண்டியைக் கழுவி, கட் அன்ட் பொலிஷ் போட்டு முடித்துவிட்டுக் கையில் பொலிஷ் துணியோடு உள்ளே வந்தேன். மூலையில் அந்தச் சின்ன டிரம் இருந்தது. அதன் வெள்ளைத் தோல் முழுக்கக் கம்பி இழுத்த கறுப்புக் கறை. தடவிப் பார்த்தால் மண் ஒட்டின மாதிரி சொரசொரவென்று இருந்தது. கடவுளே, நாளைக்கு மெனேஜர் முன்னால் என் பெண்டாட்டி இந்த அழுக்கையா வைத்து வாசிப்பது?

முதலில் சவர்க்காரத்தூள். அது போதவில்லை. பிறகு வண்டிக் கீறல் எடுக்கிற கட்டிங் பேஸ்ட். இரண்டு மணித்தியாலம் தேய்த்தேன். கடைசியில் மெழுகு போட்டுத் துணியால் மினுக்கினேன். தோலில் என் மூக்கு தெரிந்தது. அப்படியே பையில் போட்டு ஸிப்பை மூடி வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் திறந்து பார்த்து அசரவேண்டும் அல்லவா?

அந்த முகத்தைப் பார்க்கிற ஆசையில்தான் ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஹோட்டலுக்குள் போனேன். நல்ல சேர்ட்டுப் போட்டிருந்தேன். முன்வரிசை மேசையில் நிரோஷினி ஒரு குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஸ்கோன் தின்றுகொண்டிருந்தார்கள். கஜலட்சுமி ஸிப்பை இழுத்தாள்.

"என்னங்க இது?"

"பளிச்சுன்னு இருக்கில்ல? நான்தான்!"

அவள் பிரஷ்ஷை எடுத்துத் தோலில் ஒரு வட்டம் போட்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. கம்பி எண்ணெய்த் தரையில் சறுக்குவதுபோல் போய்வந்தது. இன்னொரு வட்டம். ஊஹூம்.

"அக்கா, சத்தம் ஒண்டும் வருதில்லை" என்றான் துஷாந்த், வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

அந்தச் சொரசொரப்பில்தான் சத்தமே இருக்கிறதாம். அதற்கென்றே தொழிற்சாலையில் பூசி அனுப்புகிறார்களாம். பதினொரு வருஷம் அந்த டிரம்மைத் தூக்கி ஏற்றி இறக்கியவனுக்கு இது தெரியாது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிற்று. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு அட்டை கொண்டாங்க. மினுங்காத அட்டை. ஓடுங்க."

ஓடினேன். கேக் விற்கிற மூலையில் நின்ற பஸ்லினா என்ற பிள்ளையிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். அது ஒரு கேக் பெட்டியின் மூடியைப் பிய்த்துத் தந்தது. வண்டிக்கு ஓடி இன்சுலேஷன் டேப்பை எடுத்துவந்தேன். டிரம்மின் மேல் அட்டையை வைத்து நாலு மூலையும் ஒட்டினேன். மெழுகில் எந்த டேப் ஒட்டும்? மூன்று மூலை எப்படியோ பிடித்தது. நாலாவது மூலை எழுந்து எழுந்து என்னைப் பார்த்தது.

"அப்ப நீங்க பிடிங்க" என்றாள் கஜலட்சுமி.

"நானா? எல்லாரும் பாக்குறாங்களே!"

"பாக்கட்டும். தேய்ச்சது நீங்கதானே?"

அத்தனை பேர் முன்னால் நல்ல சேர்ட்டோடு முட்டிபோட்டு உட்கார்ந்தேன். இடது கையால் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் அட்டையின் மூலையை அமுக்கினேன். ஒரு வெள்ளைக்காரி உடனே போட்டோ எடுத்தாள். எடுத்துத் தொலை, தாயே!

நஸீம் நானா தலையைத் திருப்பி, "தங்கச்சி, ஏலுமா? மெதுவான பாட்டொண்டு போடவா?" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் காலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, ஒன்று இரண்டு மூன்று நாலு!

அந்த மூடி ஒரு சாண் அகலம்தான். வட்டம் போட அதில் இடமில்லை. முதல் நாலு அடியில் இடது கை வெளியே போய் மெழுகில் சறுக்கியது. அடுத்ததில் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். முழங்கை விலாவோடு ஒட்டியது. வட்டத்தை விட்டுவிட்டாள். மணிக்கட்டு மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாலு விரல் தூரம்தான். ஒவ்வொரு அடிக்கும் இழுக்காமல் இரண்டு அடிக்கு ஒரு இழுப்பு. வலது கையும் நுணுக்கமெல்லாம் விட்டுவிட்டு நேராகத் தட்டிக்கொண்டு போனது, எப்போதாவது ஒரு துள்ளல். மூன்று வாரமாகப் பெரிதாக்கப் பெரிதாக்க வராதது, இடம் இல்லாமல் போனதும் வந்துவிட்டது. அவள் தோளைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் கீழே இருந்தது.

அப்போதுதான் கேட்டேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒருநாளும் வராத சத்தம். காய்ந்த இலைகளுக்குள் வேகமாக யாரோ நடந்துபோகிற மாதிரி, நிற்காமல், ஆனால் ஒரு அவசரமும் இல்லாமல். பியானோ எங்கெங்கோ பாய்ந்தது, பேஸ் துரத்தியது. இரண்டையும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவியின் கைகள்தான். கம்பி ஒவ்வொரு தரமும் என் பெருவிரலைத் தொட்டுப் போனது. ஒரு எறும்பு ஊர்கிற பாரம்கூட இல்லை. இதையா நான் வாராவாரம் தூக்கம் என்று கேலி பண்ணினேன்? வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு பெருமையும் வந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. துடைக்கக் கை இல்லை.

பாட்டு ஒரே வெட்டாக முடிந்தது. கைதட்டல் எழுந்தது. ஒருவரும் நித்திரையாகவில்லை, நான் எண்ணிப் பார்த்தேன். நிரோஷினி எழுந்து வந்து, அட்டையைப் பார்த்து, முட்டிபோட்டிருக்கிற என்னைப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்: "கம்ப்யூட்டர் வேணாம், மிஸிஸ் கஜலட்சுமி. உங்கட இடம் உங்களுக்குத்தான்."

நன்றி சொல்வாள், அழுவாள், குறைந்தபட்சம் என்னை எழும்பவாவது சொல்வாள் என்று பார்த்தேன். எங்கே! வியர்வையைக் கையால் வழித்துவிட்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக நஸீம் நானாவின் பக்கம் திரும்பினாள்.

"நானா, இதவிட வேகமா ஒண்ணு இருக்கா?"

நஸீம் நானா வாயைப் பிளந்தார். துஷாந்த், "ஐயோ அக்கா, என்ர விரல்!" என்றான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. கீழே என்னைப் பார்த்து, "விட்டுறாதீங்க, நல்லா அமுக்குங்க" என்றாள்.

நான் பெருவிரலை மாற்றி வைத்துக்கொண்டு அமுக்கினேன்.